சொல்லிக்கொண்டு வந்த இடம்

"அம்மா, மௌலிக்கு நீ பால் குடுக்கறே. அங்க ஒரு பாப்பா அழுதுண்டே இருக்கே, அதுக்கு யாரு குடுப்பா?"

அனுசூயா இதைக் கேட்டது எழுபத்திரண்டாம் வருஷத்துப் பிப்ரவரியில், வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியான வேளையில். ஐந்து வயது நிரம்பாத பெண். சமையலறை மேஜைக்கு அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கலர்ப் பென்சிலால் எதையோ தீட்டிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே கேட்டாள். மேஜைக்கு மேலே வசுமதி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மொன்றியல் நகரத்தின் வில்லரே பகுதியில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டில் அப்போது ஒரு சத்தமும் இல்லை. அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் மட்டும் சுவரோரம் டொக் டொக்கென்று தட்டியது. பசியாறின மௌலி உள் அறையில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எந்தப் பாப்பாடி? கீழ் வீட்டுக்கு யாராவது வந்திருக்காளா?"

"கீழ இல்லேம்மா. அங்க." அனுசூயா பச்சைப் பென்சிலை நீட்டி வாசல் கதவைக் காட்டினாள்.

கதவோரம் யாரும் இல்லை. கோட்டுகள் தொங்கின. அவற்றுக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து கொண்டுவந்து சாத்திய பனிமட்டைகள் நின்றன. அவ்வளவுதான். "படத்தைப் போடு" என்று சொல்லிவிட்டு வசுமதி கத்தியை எடுத்தாள். எடுத்த கை நின்றது. மார்பில் ஊசி குத்துவது போல ஒரு சுருக். அதைத் தொடர்ந்து வெதுவெதுப்பாக ரவிக்கை நனைந்தது.

பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். குழந்தை அழுதால் காது கேட்பதற்கு முன்னாலேயே மார்பு கேட்டுவிடும். வசுமதி உள்ளே போய் எட்டிப் பார்த்தாள். மௌலி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அழவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

வசுமதியின் கணவர் நாகசுப்பிரமணியன் பல்கலைக்கழகத்தில் பாலங்கள் கட்டுவதைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். மொன்றியலுக்கு வந்த புதிதில் குளிரைக் கண்டு நடுங்கியவர்தான். பிறகு திடீரென்று அதோடு சிநேகமாகிவிட்டார். "குளிரைத் திட்டிண்டு வீட்ல உக்காந்தா, வருஷத்துல பாதி திட்டறதுக்கே சரியாப் போயிடும் வசு" என்பார். நகரத்துக்கு வடக்கே மலையில் கூட வேலை பார்க்கும் ஒருவருக்கு மரக் குடில் இருந்தது. வார இறுதியில் அதன் சாவியை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடுவார். அங்கே சுவரில் மாட்டியிருந்த, மரச் சட்டத்தில் தோல்வார் பின்னிய அந்த நடைச் சாமான்களைப் பார்த்தால் பந்தாட்ட மட்டை போலவே இருக்கும். காலில் கட்டிக்கொண்டால் இடுப்பளவு பனியிலும் புதையாமல் நடக்கலாம். பனிமட்டை என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவள் வசுமதி. தங்களுக்கென்று புது ஜோடிகளை வாங்கியவர் அவர்.

அன்றைக்கு அவர் அனுசூயாவைச் சின்னச் சறுக்குப் பலகையில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு முன்னால் போனார். வசுமதி பழைய நூல்புடவையால் மௌலியை மார்போடு கட்டி, அதற்கு மேல் கணவரின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தாள். ஊசியிலை மரங்கள் பனியைச் சுமந்துகொண்டு குனிந்து நின்றன. அவள் மூச்சும், பனிமட்டை பதியும் சரக் சரக்கும், கோட்டுக்குள்ளிருந்து குழந்தையின் இளஞ்சூடான பால்வாசனையும் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாதது போலிருந்தது. ஒரு மரத்தடியில் கால்வார் தளர்ந்தது. குனிந்து இறுக்கும்போதுதான் பனிக்குள்ளிருந்து ஒரு கல்லின் முனை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

கையுறையால் தட்டிவிட்டாள். சின்னக் கல். அதன் உச்சியில் தேய்ந்துபோன ஆட்டுக்குட்டி ஒன்று படுத்திருந்தது. பெயரோ தேதியோ இல்லை. ஏதோ சிசுவைப் புதைத்த இடம் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. நம் பக்கத்திலும் பல் முளைக்காத சிசுவை எரிப்பதில்லையே. மண்ணில்தானே வைப்பார்கள்.

இத்தனை குளிரில், இப்படித் தனியாக. அவளுக்கு மனசு தாங்கவில்லை. கல்லின் மேலிருந்த பனியை முழுக்கத் துடைத்தாள். தூங்குகிற குழந்தையைத் தட்டுவது போல இரண்டு தட்டுத் தட்டினாள். "ஏன்டா கண்ணா, உனக்குப் பக்கத்துல யாருமே இல்லையா" என்றாள்.

"வசு, வெளிச்சம் போயிண்டிருக்கு" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

அவள் எழுந்தாள். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும், எந்தக் குழந்தையை விட்டுப் பிரிந்தாலும், வாய் தானாகச் சொல்லும் வார்த்தையைச் சொன்னாள்.

"போயிட்டு வரேண்டா."

நாலடி நடந்த பிறகுதான் சுருக்கென்றது. சாவு வீட்டில், மயானத்தில், சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. எதுவும் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். வந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்ததுதான். பச்சைக் குழந்தையாயிற்றே, அதனிடம் என்ன தோஷம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். குடிலில் குழாய் உறைந்திருந்தது. குளிக்க வழியில்லை. டீக்காக உருக்கிய பனித்தண்ணீரில் நாலு சொட்டு எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டு, பசித்து அழுத மௌலியை மடியில் எடுத்தாள்.

அதற்குப் பிறகு பல நாள் மௌலி அழுது அவள் கேட்கவே இல்லை.

முதல் இரண்டு நாள் அவள் சந்தோஷப்பட்டாள். சமர்த்துப் பிள்ளை, படுத்துவதே இல்லை என்று கணவரிடம் சொல்லிக்கொண்டாள். பசித்தாலும் அழவில்லை. நனைந்தாலும் அழவில்லை. கண்ணைத் திறந்து, அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு கிடந்தான். பால் கொடுக்க எடுத்தால் மார்பு தொளதொளவென்று காலியாக இருந்தது. அவனைக் கீழே விட்டுவிட்டு அவள் பாத்திரம் தேய்க்கும்போதோ, விளக்குக்குத் திரி போடும்போதோ, வீடு அமைதியாக இருக்கும் ஏதோ ஒரு வேளையில் அந்தச் சுருக் வரும். பால் பெருகி ரவிக்கை நனையும். ரவிக்கைக்குள் வைத்த துணியை எடுத்துப் பார்த்தால் அது ஈரமாகக்கூட இராது. விறைத்துச் சில்லென்றிருக்கும்.

டாக்டர் கிரிஜா அவளுக்குச் சிநேகிதி. குழந்தை வைத்தியம் பார்க்கிறவள். தராசில் மௌலியைக் கிடத்தி முள்ளைப் பார்த்த கிரிஜாவின் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

"என்னடி இது, பிள்ளை இளைச்சிருக்கான். நீ சாப்பிடறதை எல்லாம் உங்காத்துக்காரர் சாப்பிட்டுடறாரா?"

"அவர் சாப்பிட்டா எனக்குத் தெரியுமே."

"சரி, புட்டிப்பால் எழுதித் தரேன். கௌரவம் பாக்காமக் குடு. அடுத்த வாரம் பாப்போம்."

புட்டிப்பாலை மௌலி மறுக்கவில்லை. புட்டி காலியாயிற்று. ஆனால் கட்டிய துணி காய்ந்தபடியே கிடந்தது. குடித்த பால் எங்கேதான் போகிறது? அடுத்த வாரம் தராசு முள் இன்னும் கீழே நின்றது. விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. கிரிஜா இப்போது கேலி செய்யவில்லை. "திங்கட்கிழமை வரைக்கும் பாக்கறேன் வசு. ஏறலைன்னா ஆஸ்பத்திரியில சேத்துடணும். இப்படியே விட்டா..." என்று ஆரம்பித்தவள், வசுமதியின் முகத்தைப் பார்த்து, மீதியை விழுங்கிக்கொண்டாள்.

வீட்டில் அனுசூயா கால்விரல் நுனியில் நடக்கப் பழகியிருந்தாள். "உஷ், இப்பதான் தூங்கித்து" என்பாள். தன் பொம்மையின் கம்பளியை எடுத்துக்கொண்டுபோய்க் கதவோரம் பனிமட்டைகளுக்கு நடுவில் விரித்துவைத்தாள். "அதுக்குக் குளிர்றதாம்மா." மறுநாள் காலை வசுமதி அதை எடுத்து மடிக்கப் போனாள். மடியவில்லை. அடுப்பு எரிந்து, வெந்நீர்க் குழாயும் சுடுகிற வீட்டுக்குள், கம்பளி பலகை போல விறைத்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு சின்னக் குழி. ஏதோ அதில் சுருண்டு படுத்து எழுந்தாற்போல. அதிலிருந்து ஊசியிலை வாசனை வந்தது. அதோடு புளித்த பாலின் வாசனையும்.

அவளுடைய பால். அவளுக்குத் தெரியாதா.

அன்றைக்குக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கல்லுகிட்டச் சொன்னா என்ன வசு, மரத்துகிட்டச் சொன்னா என்ன. நல்ல வார்த்தைதானே சொன்னே."

"நல்ல வார்த்தைதான். அதான் பயமா இருக்குன்னா. கெட்டதா ஏதாவது சொல்லியிருந்தா மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடலாம். நான் வரேன்னு சொல்லியிருக்கேன். அதை நம்பிண்டு ஒரு குழந்தை காத்துண்டிருக்கு. நான் வரலைன்னதும் அதுவே வந்துடுத்து."

"பரிகாரம் ஏதாவது பண்ணணுமா? ஊருக்கு எழுதிக் கேக்கட்டுமா?"

"பரிகாரமெல்லாம் இல்லை. சொன்னபடி போகணும். அவ்வளவுதான்."

"வியாதிக் குழந்தையைத் தூக்கிண்டு மலைக்கா?"

வசுமதி எழுந்துபோய் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். இந்தக் குழந்தையைக் காப்பாற்று என்று வேண்டிக்கொள்ளத்தான் கை கூப்பினாள். ஆனால் எந்தக் குழந்தையை என்று சொல்ல நினைத்தபோது வாய் தடுமாறியது. பிள்ளையிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது பாவம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது உயிரோடிருக்கிற பிள்ளையானாலும் சரி, இல்லாத பிள்ளையானாலும் சரி. ஒரு சொட்டுக் கருணை யாரையும் கெடுக்காது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையை விட்டுவிட இப்போதும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே காரைக் கிளப்பினார்.

மார்ச் பிறந்திருந்தது. மலையில் பனி உருகி அமுங்கி, மேலே சர்க்கரைப் பாகு போல ஒரு பொருக்குக் கட்டியிருந்தது. மரங்கள் சுமையை இறக்கிவிட்டுக் கறுப்பாக நிமிர்ந்து நின்றன. குடிலில் அடுப்பை மூட்டி, அதன் பக்கத்தில் மௌலியைக் கிடத்தினார்கள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கன்னம் ஒட்டிப் போய், கிழவனுடைய முகம் போலிருந்தது. வசுமதி குனிந்து அவன் நெற்றியில் உதட்டை வைத்தாள். சில்லிட்டிருந்தது.

"நானும் கூட வரேன்" என்றார் நாகசுப்பிரமணியன்.

"வேண்டாம். அனுவையும் இவனையும் பாத்துக்கோங்கோ."

"சீக்கிரம் வந்துடு."

"வரேன்" என்றாள் அவள். சொல்லும்போதே, இதுவும் ஒரு வாக்கு என்று தோன்றியது.

குடிலிலிருந்து ஒரே ஏற்றம். பனிமட்டை பதியும்போதெல்லாம் பொருக்கு ஓடு போல உடைந்தது. புடவைத்துணியை இன்றைக்கும் மார்போடு கட்டியிருந்தாள், உள்ளே யாரும் இல்லாமல். பழக்கத்தில் கட்டிக்கொண்டாளா, வேறெதற்காகவா, அவளுக்கே தெரியாது. பாதித் தூரத்தில் கோட்டு கனக்கத் தொடங்கியது. ஏற்றம் என்று எண்ணிக்கொண்டாள். புடவையின் முடிச்சு தோளில் அழுந்தியது. மூச்சு வாங்குவதால் என்று எண்ணிக்கொண்டாள். பிறகு அந்த எடை லேசாகத் திரும்பி, அவள் நெஞ்சுக்குழியில் தலையை வைத்துக்கொள்வது போல அமைந்தது. அதன் பிறகு அவள் எதையும் எண்ணவில்லை. குனிந்து பார்க்கவும் இல்லை. ஒரு கையை மட்டும் கோட்டுக்கு மேலே, தாங்கினாற்போல வைத்துக்கொண்டு நடந்தாள்.

கல் இருந்த இடம் வந்தது. மரத்தடியில் ஆட்டுக்குட்டி முதுகு வரை வெளியே தெரிந்தது. வசுமதி மண்டியிட்டாள்.

"வந்துட்டேண்டா."

காற்று இல்லை. பறவை இல்லை. மார்பிலிருந்த கனம் சட்டென்று இறங்கிப் போயிற்று. புடவை தொய்ந்தது. கல்லின் காலடியில் பனிப்பொருக்கு லேசாக விரிந்து, ஒரு சின்ன ஓட்டை திறந்தது. வட்டமாக. விரல் நுழையும் அளவு. விளிம்பு மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது. மார்பில் சுருக்கென்றது.

என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கொடுக்காமல் எழுந்து ஓடலாம் என்றும் தெரிந்தது. வழியில் விழுந்து அழுகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவளாக அவளை யாரும் வளர்க்கவில்லை. கோட்டைத் திறந்தாள். குளிர் கத்தி போல உள்ளே இறங்கியது. குனிந்து, கையால் அழுத்தி, அந்த ஓட்டைக்கு நேராகப் பாலைப் பீய்ச்சினாள். அது பனியில் சிந்தவில்லை. உறையவும் இல்லை. உள்ளே போயிற்று. அடியிலிருந்து சத்தம் கேட்டது. மடக் மடக்கென்று, இடையில் மூச்சு வாங்கிக்கொண்டு, பசித்த குழந்தை அவசரமாக விழுங்குகிற சத்தம்.

அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. "மெதுவா, மெதுவாக் குடி" என்றாள். தாலாட்டு ஒன்று வாயில் வந்தது. பாடினாள். பல் கிட்டியதில் வார்த்தைகள் உடைந்தன. ஒரு மார்பு வற்றும் வரைக்கும் கொடுத்தாள். விழுங்கும் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு சின்ன ஏப்பம். ஒரு பெருமூச்சு. ஓட்டை சுருங்கி மூடிக்கொண்டது. மேலே பனி வழவழவென்று ஆயிற்று, அங்கே எதுவும் திறந்ததே இல்லை என்பது போல.

கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. பார்த்தவர் யாரும் இல்லை. யாரிடமும் சொல்லப் போவதும் இல்லை. வசுமதி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். சொல்லிக்கொள்ளாமல் எழுந்தாள். கல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. குடிலின் புகைக்கு அடியிலிருந்து, மரங்களைத் தாண்டி, கணீரென்று, கோபமாக. மௌலி. பசித்து, காலை உதைத்துக்கொண்டு, வீட்டையே இரண்டாக்குகிற அழுகை. அவள் பிள்ளையின் அழுகை. மற்ற மார்பு அந்தக் குரலுக்குப் பொங்கியது. "இதோ வரேன், இதோ வரேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சரிவில் ஓரடி எடுத்துவைத்தாள்.

பனி நொறுங்கியது.

அவள் காலடியில் இல்லை. சற்றுத் தள்ளி.

இன்னும் சற்றுத் தள்ளியும்.

போன முறை பனி இடுப்பளவு இருந்தது. இப்போது இறங்கிவிட்டது. சரிவு முழுக்க, மரங்களுக்கு நடுவே, அவளுக்கும் குடிலுக்கும் இடையிலிருந்த அந்த ஒற்றை வழியின் இரண்டு பக்கமும், ஏறும்போது கண்ணில் படாத கறுப்பு முனைகள் தெரிந்தன. சின்னச் சின்னதாக. வரிசை இல்லாமல். எதிலும் பெயர் இல்லை.

கீழே மௌலி மறுபடி வீறிட்டான்.

அந்தக் குரலில் விழித்தது போல, ஒவ்வொரு கல்லின் காலடியிலும் பனி மெல்ல விரிந்தது. வட்டமாக. இளஞ்சிவப்பாக. ஒன்று. அதற்கு அடுத்து ஒன்று. கீழே, வழி நெடுக. எல்லாம் அவளைப் பார்த்து, சத்தமில்லாமல், திறந்து மூடித் திறந்தன.